இரும்புப் பெட்டியில் உறங்கும் பத்திரங்கள்!

உங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் இரும்புப் பெட்டியைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது? பாட்டனார் காலத்து வக்ஃப் பத்திரம் அதில் இருக்கிறதா? இருந்தால், அதில் எத்தனை வரிகளை இன்னும் படிக்க முடிகிறது?

காரணத்தோடுதான் கேட்கிறோம். நாட்டிலுள்ள வக்ஃப் சொத்துக்களின் விவரங்களையும் ஆவணங்களையும் ஏற்றுவதற்காக 2025 ஜூன் 6 அன்று மத்திய அரசு 'உமீத்' என்ற இணையதளத்தைத் திறந்தது. தவணை ஆறே மாதம். காலத்தை நீட்டக் கோரியவர்களை, தீர்ப்பாயத்தை நாடுங்கள் என்று டிசம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அனுப்பிவிட்டது. டிசம்பர் 6 அன்று கதவு மூடப்பட்டது. அப்போது அரசு தந்த கணக்கைப் பாருங்கள்: பதிவு தொடங்கப்பட்டவை 5,17,040. ஒப்புதல் பெற்றவை 2,16,905. சமர்ப்பித்துக் காத்திருந்தவை 2,13,941. நிராகரிக்கப்பட்டவை 10,869. இந்த மூன்றிலும் அடங்காமல் சுமார் 75 ஆயிரம் மிஞ்சுகிறதே, அவை எங்கே நின்றன?

சட்டத்தின் மீது நமக்குள்ள ஆட்சேபம் வேறு. அது நீதிமன்றத்தில் இருக்கிறது. இங்கே நம் கையில் உள்ள குறையை மட்டும் பேசுவோம்.

கடைசி வாரத்தில் நம் காஞ்சிபுரத்தில் கண்ட காட்சி இது. பகலெல்லாம் கடையிலும் தறியிலும் உழைத்த நிர்வாகிகள், இரவு பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் சென்டரில் வரிசையில் நிற்கிறார்கள். பத்திரத்தைச் செல்போனில் படம் பிடித்திருக்கிறார்கள். கட்டை விரலின் நிழல் சர்வே எண்ணை மறைக்கிறது. கோப்புகளின் பெயரோ ஸ்கேன் ஒன்று, ஸ்கேன் இரண்டு! அவசரத்தில் கபரஸ்தான் நிலத்துக்குக் கடைவாடகைப் பத்திரத்தை இணைத்துவிட்டார்கள். இணையதளமும் ஏற்றுக்கொண்டது. ஏன் ஏற்காது? கோப்பு எந்த வகை, எவ்வளவு பெரியது என்றுதான் இயந்திரம் பார்க்கும். அது எந்த நிலத்தின் பத்திரம் என்று மனிதன்தான் பார்க்க வேண்டும்!

கோர்வைச் சேலை நெய்யும் ஊர் இது. உடலும் கரையும் ஒவ்வோர் இழையிலும் பின்னிக்கொள்ளாவிட்டால் சேலை நிற்குமா? படிவத்தில் எழுதிய சர்வே எண்ணும், இணைத்த பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணும் அப்படிப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பத்தான் செய்வார்.

ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்தும் இப்போதே செய்ய வேண்டியவை இவை. பத்திரத்தை நல்ல ஸ்கேனரில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில், எல்லாப் பக்கங்களையும் வரிசையாக எடுத்து ஒரே பி.டி.எஃப். ஆக்குங்கள். பின்பக்கத்து முத்திரையையும் விடாதீர்கள். ஊர், சர்வே எண், ஆண்டு ஆகியவற்றைக் கோப்பின் பெயராக வையுங்கள். ஏற்றிய பிறகு அதே கோப்பைத் திறந்து படித்துப் பாருங்கள். ஒப்புகை எண்ணை அச்செடுத்துப் பெட்டியில் வையுங்கள். பிரதிகள் மூன்று வேறு இடங்களில் இருக்கட்டும். கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு பிரதியையும் விட்டுவராதீர்கள். கடவுச்சொல்லையும் அங்கே கொடுத்துவிட்டு வராதீர்கள். பத்திரம் செல்லரித்திருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள்.

அரசுக்கும் ஒன்று சொல்வோம். கோப்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும். பாதியில் இணைப்பு அறுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடர வழி வேண்டும். 'பிழை' என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், என்ன பிழை என்று தமிழில் சொல்ல வேண்டும். நிராகரித்தால் காரணம் காட்ட வேண்டும். நூறாண்டுப் பத்திரத்தைக் கொண்டுவந்தவனைக் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்புவது நிர்வாகமா?

நம் மாவட்டத்து உத்திரமேரூர் கல்வெட்டை எல்லோரும் தேர்தலுக்காகப் புகழ்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட அதில் இன்னொரு விதியும் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி பொறுப்புக்கு வர முடியாது! அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமோ (2:282), கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான். எழுதி வைக்கச் சொல்லப்பட்ட சமுதாயம், எழுதியதைக் கரையானுக்குக் கொடுக்கலாமா?

முத்தவல்லி பதவி மரியாதைக்குரியதுதான். ஆனால் அது அமானிதம்! நிலத்தைக் கொடுத்தவர் கபரில் உறங்குகிறார். அவர் சார்பில் பேச அந்தக் காகிதம் ஒன்றுதான் மிச்சம். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், ஜமாஅத்தார் நான்கு பேர் முன்னிலையில் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த உங்கள் பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்!