கம்பெனி மாறினால் பி.எப். காலி! லட்சங்களை கோட்டை விடும் பனியன் தொழிலாளர்கள்

திருப்பூர்:
ஒரு பனியன் கம்பெனியில் 2 வருஷம், அடுத்த கம்பெனியில் 3 வருஷம் என மாறி மாறி வேலை பார்ப்பது திருப்பூரில் சகஜம். கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எப். பணத்தை துடைத்து எடுப்பதும் பலருக்கு வழக்கமாகி விட்டது. "நம்ம காசுதானே, கையில இருந்தா நல்லது" என்பது இவர்கள் சொல்லும் காரணம். அதனால் போனது எவ்வளவு என்பது 58 வயதில்தான் உறைக்கிறது.

கணக்கு என்ன?

பஞ்சப்படியோடு மாதம் ரூ.15 ஆயிரம் வாங்கும் டெய்லரிடம் 12 சதவீதம், அதாவது ரூ.1,800 பிடிக்கிறார்கள். கம்பெனியும் அதே தொகையை கட்டுகிறது. கம்பெனி பங்கில் ரூ.1,250 பென்ஷனுக்கு போகிறது. மீதி ரூ.550-ம் சேர்த்து பி.எப்.பில் மாதம் ரூ.2,350 விழும்.

2024-25-ம் ஆண்டுக்கு கொடுத்த வட்டி 8.25 சதவீதம். அந்த வட்டிப்படி 3 வருஷத்தில் சுமார் ரூ.95 ஆயிரம் சேரும். கையில் வாங்கினால் செல்போன், பைக், மொய் என்று கரைந்து விடும். புது கம்பெனி கணக்குக்கு மாற்றி விட்டு, இதே வட்டி கிடைத்து வந்தால், அந்த பணம் மட்டுமே 20 வருஷத்தில் ரூ.4 லட்சத்து 60 ஆயிரத்தை தாண்டும். 5 வருஷ சர்வீஸ் முடியாமல் ரூ.50 ஆயிரத்துக்கு மேல் எடுத்தால் வருமான வரி பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

பென்ஷனுக்கும் வேட்டு

மாத பென்ஷன் வாங்க 10 வருஷ சர்வீஸ் வேண்டும். ரூ.15 ஆயிரம் சம்பளத்துக்கு 10 வருஷம் என்றால் மாதம் சுமார் ரூ.2,142 வரும். சர்வீஸ் கூடக்கூட தொகையும் கூடும். பென்ஷன் பணத்தையும் அவ்வப்போது எடுத்து விட்டால் சர்வீஸ் மறுபடி பூஜ்யத்தில் இருந்து தொடங்கும். 30 வருஷம் மிஷினில் உட்கார்ந்தவரும் வெறுங்கையோடு வீட்டுக்கு போக வேண்டியதுதான்.

இதற்கு கடிவாளம் போடத்தான், கணக்கில் 25 சதவீத பணம் எப்போதும் இருக்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் பி.எப். மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது.

அதிக வட்டி ஆசை

எடுத்த பணத்தை "டபுள் ஆகும்" என்று நம்பி போடுவது அடுத்த தப்பு. திருப்பூரில் நடந்த பாசி நிதி நிறுவன மோசடியில் சுமார் ரூ.930 கோடி போனது. 2022-ல் கோவை கோர்ட்டு 2 பேருக்கு 27 வருஷம் ஜெயில் தண்டனை கொடுத்தது. தீர்ப்பு வரவே 10 வருஷத்துக்கு மேல் ஆனது.

என்ன செய்யலாம்?

* புது கம்பெனியில் பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுக்க வேண்டும். புது எண் வாங்கினால் சர்வீஸ் சிதறிப் போகும்.

* பிடித்த பணத்தை கம்பெனி கட்டுகிறதா என்று மாதாமாதம் உமங் ஆப்பில் பார்க்க வேண்டும்.

* வாரிசு பெயரை பதிவு செய்ய வேண்டும். வேலையில் இருக்கும்போது தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கு ரூ.7 லட்சம் வரை இன்சூரன்ஸ் உண்டு.

* வைத்தியம், கல்யாணம், வீடு என்று அவசரம் வந்தால் தேவையான அளவு மட்டும் எடுக்கலாம். மொத்தமாக வழித்து எடுக்க வேண்டாம்.

மிஷினை மிதிக்க முடியாத வயதில் ஓவர்டைம் கிடைக்காது. அப்போது சோறு போடப்போவது இந்த பணம்தான்.