எட்டுக் காசு எங்கே போகிறது?

சித்தூரில் சொத்து வரி கட்டுகிற ஒவ்வொருவரும் நூலகத்துக்கும் சேர்த்தே கட்டுகிறார்கள். 1960ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச பொது நூலகச் சட்டப்படி, வரியில் ரூபாய்க்கு 8 காசு நூலக வரி. வசூலிப்பது மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சிகள். போய்ச் சேர வேண்டியது மாவட்டத்தின் நூலகங்களை நடத்தும் ஜில்லா கிரந்தாலய சம்ஸ்தைக்கு. வசூலான பணம் உள்ளாட்சிகளிலேயே தேங்கிவிடுவது ஆந்திரம் முழுக்க உள்ள பழைய குறை. வருகிற கொஞ்சத்தையும் அன்றாடச் செலவு தின்றுவிட, நூலகக் கட்டடத்தை விரிவாக்கும் முறை வருவதே இல்லை.

இந்த வரி சித்தூருக்குப் புதிதல்ல. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம், நூலக வரியோடு, 1948இல் சென்னை மாகாணத்தில் வந்தது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் பல்லாண்டு முயற்சி அது. 1953 வரை அந்த மாகாணத்தில்தான் சித்தூரும் இருந்தது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்று 1931லேயே விதி வகுத்தவர் ரங்கநாதன். வளர்கிற ஒன்றுக்கு இடம் வேண்டாமா?

வாசகர்கள் மாறிவிட்டார்கள். அந்தக் காலத்து நூலகம், பேப்பர் படிக்க வருகிறவருக்காகவும் புத்தகம் எடுத்துப் போகிறவருக்காகவும் கட்டப்பட்டது. இன்று மாவட்ட நூலகங்களுக்குக் காலையிலேயே வந்து சேர்கிறவர்கள் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். தண்ணீர் பாட்டில், சாப்பாட்டுப் பை, கட்டுக்கட்டாக நோட்டு, இருட்டும்வரை எழுந்திருப்பதில்லை. 2025இல் ஆந்திர அரசு அறிவித்த ஆசிரியர் தேர்வான மெகா டிஎஸ்சியில் மட்டும் 16,347 பணியிடங்கள். கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நாற்காலி, மின்விசிறி, நல்ல வெளிச்சம், சுத்தமான கழிப்பறை ஆகியவைதான் முதல் தேவை. பெண்களுக்குக் கழிப்பறை சரியில்லை என்றால் அவர்கள் மதியத்துக்குள் வீடு திரும்பிவிடுவார்கள்.

அதற்காகச் சித்தூர் நூலகத்தில் இருக்கிற கட்டடத்தின் மேல் யோசிக்காமல் ஒரு மாடியை ஏற்றிவிட முடியாது. புத்தகம் கனமான சரக்கு. இந்தியத் தரநிலைப்படி, குடியிருப்பு வீட்டின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கினால் போதும். புத்தக அடுக்கு அறை குறைந்தது 600 கிலோ தாங்க வேண்டும். ஆகவே அடுக்குகள் கீழ்த்தளத்திலும் படிப்பறைகள் மேலேயும் இருப்பதே நல்லது. பழைய சுவரும் கூரையும் எவ்வளவு தாங்கும் என்பதைப் பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகே வேலை தொடங்க வேண்டும்.

பழையதை இடிக்காமல் விரிவாக்கலாம் என்பதற்குச் சென்னை கன்னிமாரா நூலகமே சாட்சி. 1896இல் திறந்த, வண்ணக் கண்ணாடியும் மரவேலைப்பாடும் கொண்ட அந்த மண்டபத்தை அப்படியே வைத்துக்கொண்டு, 1974இல் பக்கத்திலேயே புதிய கட்டடம் எழுப்பினார்கள்.

சித்தூருக்குத் தனியாக ஒரு தேவையும் உண்டு. வேலூர் கூப்பிடு தூரம்; கடைத்தெருவில் தெலுங்கும் தமிழும் உருதும் கலந்து கேட்கும் ஊர் இது. விரிவாக்கத்தில் மூன்று மொழிக்கும் முறையான அடுக்கும், குழந்தைகளுக்குத் தனி அறையும் இடம்பெற வேண்டும்.

பணத்துக்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. நூலக வரியாக ஆண்டுக்கு எவ்வளவு வசூலாகிறது, அதில் சம்ஸ்தைக்குக் கொடுத்தது எவ்வளவு, பாக்கி எப்போது வரும் என்று மாநகராட்சியின் அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் கவுன்சிலர்கள் கேட்க வேண்டும். வரி கட்டுகிறவர்கள் அவர்களைக் கேட்க வைக்க வேண்டும்.