விண்டேஜ் தகுதிக்குக் காத்திருக்கும் அம்பாசிடர்கள்: இடைப்பட்ட ஆண்டுகளில் கூடுதல் சுமை

திருப்பதி: 1980, 90-களில் சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் திருமலை மலைப்பாதையில் பக்தர்களை ஏற்றிச் சென்ற அம்பாசிடர், பத்மினி கார்களைப் பேணிக் காக்க விரும்புவோருக்கு, விதிகள் அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை.

மத்திய அரசு 2021 ஜூலையில் அறிவித்த விண்டேஜ் விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, அசல் வடிவம் மாறாத வாகனமே அத்தகுதியைப் பெறும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் மறுபதிவுக்கு 5,000 ரூபாய் போதும். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதியில்லை.

சிக்கல் அதற்கு முந்தைய ஆண்டுகளில்தான். தனியார் காருக்கு 15 ஆண்டுகளுக்குப் பின், 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தகுதிச் சோதனையும் மறுபதிவும் கட்டாயம். 20 ஆண்டுகளைத் தாண்டிய காருக்கான மறுபதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதாவது, விண்டேஜ் ஆகும் வரை காரைக் காப்பவரே அதிகம் செலுத்துகிறார். இடையில் கழிவுக்குப் போன கார் எப்படி விண்டேஜ் ஆகும்?

1983-இல் அறிமுகமான மாருதி 800 காரில் முதலாவது 2033-இல் அத்தகுதியை எட்டும். 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசிடரின் கடைசிக் கார்கள் 2064 வரை காத்திருக்க வேண்டும்.