கைக்கடிகாரம் வாங்குமுன்

கைப்பேசி இல்லாத கை இன்று அரிது. அதில் எந்நேரமும் மணி பார்த்துக்கொள்ளலாம். ஆயினும் கைக்கடிகாரம் மறைந்துவிடவில்லை. மேனிலைப் பள்ளி முடித்த மகனுக்கும், முதல் முறையாக வேலைக்குச் செல்லும் மகளுக்கும், மணமேடை ஏறும் மாப்பிள்ளைக்கும் நம் குடும்பங்கள் இன்றும் கடிகாரம் வாங்கித் தருகின்றன. நோயாளியின் நாடியை எண்ணும் செவிலியர்க்கும், வகுப்பில் கைப்பேசியை எடுக்க விரும்பாத ஆசிரியர்க்கும் அது அணி மட்டுமன்று, கருவியுமாகும். ஆதலின், நடுத்தர வருவாயுள்ள ஒரு குடும்பம் தான் செலவிடும் பணத்திற்கு ஏற்ற நல்ல கடிகாரத்தைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு என்பதை இத்திங்கள் ஆராய்வோம்.

நாம் மனத்திற் கொள்ளும் தொகை ரூ. 2,000 முதல் ரூ. 5,000 வரை. செல்வர்க்கு இது சிறு தொகை. நாட்கூலியால் வாழும் இல்லத்திற்கோ பல நாள் உழைப்பு. அத்தொகையுடன் கடைக்குள் நுழைபவரின் கண்ணில் முதலிற் படுவன பெயரும் பொன்னிறமுமே. ஆனால், காலத்தைக் காட்டுவன அவ்விரண்டும் அல்ல. நாள்தோறும் அணியவும், வியர்வையையும் மழையையும் தாங்கவும், பழுதுற்றால் நம் ஊரிலேயே சீர்செய்யவும் ஏற்ற கடிகாரமே உண்மையில் விலை குறைந்த கடிகாரம். இதனையே அளவுகோலாகக் கொண்டு ஒவ்வொன்றாகக் காண்போம்.

உள்ளே ஓடுவது

ஐம்பது வயதைக் கடந்தோர்க்குக் கடிகாரம் என்றதும் நாள்தோறும் சாவி கொடுத்த எச்.எம்.டி. நினைவுக்கு வரும். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையுடன் 1961ஆம் ஆண்டு பெங்களூரில் அதன் கடிகார ஆலை தொடங்கப்பெற்றது. எளிய குடும்பத்தாரின் கையிலும் கடிகாரம் ஏறியதற்கு அந்நிறுவனம் பெருந்துணை புரிந்தது. 2016ஆம் ஆண்டு அதன் கடிகாரப் பிரிவை மூட நடுவண் அரசு முடிவு செய்தது. அவ்வகைக் கடிகாரத்தை இயக்குவது சுருள்வில். நாளொன்றுக்குப் பத்து, இருபது நொடிகள் முந்துவதோ பிந்துவதோ அதற்கு இயல்பு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் பிரித்துத் துடைத்து எண்ணெயிடவும் வேண்டும்.

இந்நிலையை மாற்றியது குவார்ட்ஸ் என்னும் படிகம். 1969ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, அதாவது கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நாளில், ஜப்பானின் சீக்கோ நிறுவனம் 'ஆஸ்ட்ரான்' என்னும் கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. உலகில் விற்பனைக்கு வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் அதுவே. விலை 4,50,000 யென். அந்நாளில் அந்நாட்டில் ஒரு காரின் விலை. அன்று செல்வர்க்கே உரியதாயிருந்த அந்நுட்பம் இன்று நம் ஊர்ச் சந்தைக் கடிகாரத்திலும் ஓடுகிறது.

அது இயங்கும் வகை எளியது. கடிகாரத்தினுள் சிறு கவை வடிவிலான படிகத்துண்டு ஒன்று உண்டு. செல்லிலிருந்து வரும் மின்சாரத்தால் அது நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும். மின்சுற்று அவ்வாறே பாதி பாதியாகக் குறைத்து, நொடிக்கு ஒரு துடிப்பைச் சிறு மோட்டாருக்கு அனுப்ப, முள் ஓரடி நகர்கிறது. திங்கள் ஒன்றுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 நொடிகளே பிழை. சாவி கொடுக்கும் கடிகாரம் ஒரே நாளில் தவறும் அளவை இது ஒரு மாதத்தில்தான் தவறும். செல்லோ பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகள் உழைக்கும்.

ஆகவே நாம் குறித்த தொகைக்குக் குவார்ட்ஸ் கடிகாரமே தக்கது. அத்தொகைக்குள் புதிய சுருள்வில் கடிகாரம் நல்ல தரத்தில் கிடைத்தல் அரிது. '17 ஜூவல்ஸ்' என்ற சொல்லில் மயங்குவோரும் உளர். அவை சக்கரங்களின் அச்சு தேயாதிருக்கப் பதிக்கப்படும் செயற்கை மாணிக்கக் கற்கள். விலையுயர்ந்த மணிகள் அல்ல. குவார்ட்ஸ் கடிகாரத்தில் அவற்றை எண்ணிப் பார்க்கத் தேவையில்லை.

உள்நாட்டிலும் நற்கடிகாரங்கள் உருவாகின்றன. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984ஆம் ஆண்டு தொடங்கிய டைட்டன் நிறுவனம், நம் ஓசூரில் ஆலை அமைத்துக் குவார்ட்ஸ் கடிகாரங்களைப் பரவலாக்கியது. அயல்நாட்டு முத்திரை இருந்தால்தான் தரம் என்பது பழைய மயக்கம். முகப்பின் அடியில் 'ஜப்பான் மூவ்மென்ட்' எனப் பொடி எழுத்தில் இருப்பின், உள்ளிருக்கும் இயந்திரம் மட்டுமே ஜப்பானியது எனக் கொள்க. 'ஸ்விஸ் மேட்' என்னும் சொற்களுக்கோ சட்டமே காவல். 2017ஆம் ஆண்டு முதல், தயாரிப்புச் செலவில் குறைந்தது 60 விழுக்காடு சுவிட்சர்லாந்திலேயே நிகழ்ந்திருத்தல் வேண்டும். மூவாயிரம் ரூபாய்ப் புதுக் கடிகாரத்தில் அச்சொற்களைக் கண்டால் மகிழ்தல் வேண்டா, ஐயுறுதலே முறை.

உறையும் முலாமும்

இனிக் கடிகாரத்தைத் திருப்பிப் பின்மூடியைப் படியுங்கள். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்றிருந்தால் பின்மூடி மட்டுமே எவர்சில்வர் என்பது பொருள். உறை முழுவதும் அவ்வுலோகம் என்பதன்று. மற்றப் பகுதி பித்தளையாகவோ வேறு கலப்புலோகமாகவோ இருந்து, மேலே முலாம் பூசப்பட்டிருக்கலாம். உறை முழுவதும் எவர்சில்வர்தானா என்று கடைக்காரரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

இதனை ஏன் வலியுறுத்துகிறோம் எனின், நம் நாட்டு வெயிலும் வியர்வையும் முலாமின் பகைவர்கள். வியர்வையின் உப்பு முதலில் முலாமை அரிக்கும். பின்னர் உள்ளிருக்கும் பித்தளை பச்சை பூக்கும். சிலர்க்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் தோன்றும். வீட்டில் எவர்சில்வர்ப் பாத்திரம் எத்தனை ஆண்டு உழைக்கிறது என்பதை இல்லத்தரசியர் அறிவர். கையில் கட்டும் உலோகத்திற்கும் அதுவே நீதி. ஒரே விலையில் பொன் முலாம் பூசியதும் முழு எவர்சில்வர்க் கடிகாரமும் அருகருகே இருப்பின் இரண்டாவதையே எடுங்கள். முழுதும் பிளாஸ்டிக் உறை கொண்ட எண் கடிகாரம் எளிமையானதெனினும் வியர்வைக்கு அஞ்சாது. மாணவர்க்கு மிக ஏற்றது. 1989ஆம் ஆண்டு வெளிவந்த கேசியோ நிறுவனத்தின் எஃப்-91 டபிள்யூ இன்றும் விற்பனையாவதே அதற்குச் சான்று.

தோல் பட்டை அழகியது. ஆயினும் வியர்வையில் ஊறி விரைவில் நாறும், வெடிக்கும். உலோகச் சங்கிலியோ ரப்பர் பட்டையோ நம் தட்பவெப்பத்திற்குப் பொருந்தும். பட்டை இணையும் இடத்தின் அகலம் 18, 20, 22 மில்லிமீட்டர் போன்ற பொது அளவாக இருக்கிறதா எனக் காண்க. தனி வடிவில் வெட்டிய பட்டையாயின், அது அறுந்த நாளில் வேறு பட்டை கிடைக்காமல் நல்ல கடிகாரமும் பெட்டிக்குள் உறங்க நேரும்.

நீரும் கண்ணாடியும்

நீர் பற்றிய குறிப்பில் ஏமாந்தோர் பலர். '30 மீட்டர்' என்றிருப்பதைக் கண்டு முப்பது மீட்டர் ஆழத்தில் மூழ்கலாம் என எண்ணிவிடுகின்றனர். ஆய்வுக்கூடத்தில் அசையாத நிலையில் தாங்கிய அழுத்தத்தின் கணக்கு அது. நடைமுறையில் 30 மீட்டர் என்பது கை கழுவும்போது தெறிக்கும் நீருக்கும் சிறு தூறலுக்கும் மட்டுமே. கிணற்றிலோ ஆற்றிலோ நீந்துவோர்க்கு 100 மீட்டர்க் குறிப்புள்ளதே பாதுகாப்பானது. எந்தக் கடிகாரமாயினும் வெந்நீர்க் குளியல் ஆகாது. நீருக்குள் சாவியை இழுத்தலும் ஆகாது. நீரைத் தடுப்பது பின்மூடியின் உட்புறமுள்ள ரப்பர் வளையம். செல் மாற்றும்போது அவ்வளையம் நைந்திருப்பின் அதனையும் மாற்றச் சொல்லுங்கள்.

கண்ணாடி மூவகை. பிளாஸ்டிக் கண்ணாடி எளிதில் கீறும். ஆனால் உடையாது, மெருகிட்டால் கீறலும் மறையும். மினரல் கண்ணாடி அதனினும் கடினமானது. சஃபையர் கண்ணாடி கடினத்தின் அளவுகோலில் 9. கீறல் விழச் செய்யும் மணற்பொடியோ 7தான். எனவே சஃபையரை மணல் கீறாது. எனினும் நம் தொகைக்கு மினரல் கண்ணாடியே போதும். கண்ணாடி முகப்பின் விளிம்பிற்கு மேல் துருத்தி நில்லாமல் சற்றே தாழ்ந்திருப்பின் சுவரில் உரசித் தேயாது.

பெரியோர்க்கு வாங்குவதாயின் அலங்காரத்தை விடுத்துத் தெளிவை நாடுங்கள். வெள்ளை முகப்பு, கறுத்த பெரிய எண்கள், தடித்த முட்கள் இவையே முதிய கண்களுக்குத் துணை. கடைவிளக்கின் கீழ் மட்டும் பாராமல், வாயிற்படியின் வெயிலிலும் ஒரு மங்கிய மூலையிலும் பார்த்து, மணியைச் சட்டெனச் சொல்ல இயலுகிறதா என்று அவரையே கேளுங்கள்.

கடைக்குச் செல்லுமுன்

கடிகாரக் கடைக்குச் செல்லுமுன் கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் செல்லுங்கள். பேருந்து நிலையத்தருகே, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், கண்ணில் லென்சு பொருத்தி அமர்ந்திருக்கும் அம்மனிதரை நாம் பேட்டரி மாற்ற மட்டுமே தேடுகிறோம். எவ்வகைக் கடிகாரங்கள் தம் மேசைக்கு அடிக்கடி வருகின்றன, எவற்றிற்கு உதிரி கிடைக்கிறது, எவற்றைத் திறக்கவே இயலாது என்பதை விளம்பரங்களைவிட அவர் நன்கறிவார். அவரால் சீர்செய்ய இயலாத கடிகாரம் எவ்வளவு மலிவாயினும் நமக்கு விலையுயர்ந்ததே.

கடையில் பில்லும், தேதியிட்டு முத்திரை குத்திய உத்தரவாத அட்டையும் கேட்டுப் பெறுங்கள். 'ஃபர்ஸ்ட் காப்பி' என்ற பெயரில் புகழ்பெற்ற கடிகாரங்களின் போலிகள் விற்கப்படுகின்றன. அவற்றில் இரு தீங்குகள் உள. கொடுத்த பணம் வீண். அணிந்தவரோ தம் கையிலேயே ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டு திரிகிறார். இல்லாத செல்வத்தை இருப்பதாகக் காட்டும் வழக்கத்தைப் பிள்ளைகளுக்கு நாமே கற்பித்தல் நன்றன்று.

இளைஞர் விரும்பும் 'ஸ்மார்ட் வாட்ச்' நாடித்துடிப்பும் நடந்த அடிகளும் காட்டும், பயனுடையதுதான். ஆனால் அதனை அடிக்கடி மின்னேற்ற வேண்டும். உள்ளிருக்கும் பேட்டரி தளர்ந்தால் மலிவான வகைகளில் மாற்றுதல் எளிதன்று. அதனைச் சில ஆண்டுகளுக்கான கருவியாக எண்ணி வாங்கலாம். நெடுங்காலக் கடிகாரமாக எண்ணி வாங்குதல் வேண்டா.

வாங்கிய கடிகாரத்தை வாரம் ஒருமுறை மெல்லிய ஈரத்துணியால் துடைத்து வையுங்கள். தேதி காட்டும் கடிகாரமாயின் இரவு 9 மணி முதல் விடியற்காலை 3 மணி வரை தேதியை மாற்றாதீர்கள். அவ்வேளையில் தேதிச் சக்கரம் பல்லில் பூட்டியிருக்கும். நின்றுபோன செல்லை உடனே அகற்றுங்கள். அது கசிந்தால் இயந்திரமே கெடும்.

மாப்பிள்ளைக் கடிகாரம்

இறுதியாக ஒன்று கூறாது முடித்தல் இயலாது. திருமண ஓலை எழுத வரும் பெண்ணின் பெற்றோர் சிலர், வெளியே சொல்லக் கூசும் செலவுக் கணக்கொன்றை நம்மிடம் மெல்லச் சொல்வதுண்டு. அதில் சங்கிலி, மோதிரத்துடன் மாப்பிள்ளைக் கடிகாரமும் இருக்கும். "நாங்கள் எதுவும் கேட்கவில்லை" என்று கூறும் மாப்பிள்ளை வீட்டாரே கடிகாரத்தின் பெயரை மட்டும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைப்பர். மூவாயிரத்தில் முடியவேண்டியது இருபத்தையாயிரமாகும். அதற்கு வட்டி கட்டுபவர் பெண்ணின் தந்தை. அணிபவருக்கு அவ்வட்டி தெரிவதில்லை.

1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் கேட்பதையும் கொடுப்பதையும் குற்றமாக்கியுள்ளது. எவரும் கேளாது வழங்கும் மணப்பரிசுகளை அது விலக்கவில்லை. ஆனால், அவற்றைப் பட்டியலிட்டு வைத்தல் வேண்டும், மாப்பிள்ளைக்குப் பெண்வீட்டார் தரும் வழக்கமான பரிசு தருவோரின் பொருள்நிலைக்கு மிஞ்சலாகாது என்கிறது. பெயர் சொல்லிக் கேட்டபின் அது பரிசாகுமா என்பதைப் படிப்போர் தாமே எண்ணிப் பார்க்கட்டும்.

பெண்ணைப் பெற்றோரே, கடன் வாங்கிக் கடிகாரம் வாங்காதீர்கள். மேலே கூறியவாறு தெரிந்தெடுத்த முழு எவர்சில்வர்க் கடிகாரம் உங்கள் அன்பைக் குறைவின்றித் தெரிவிக்கும். மணமகனாகப் போகும் தம்பிமாரே, "எனக்கு இந்தப் பெயர் வேண்டா, மாமா, உங்களால் இயன்றதைத் தாருங்கள், அதுவும் கட்டாயமில்லை" என்று நீங்களே முன்வந்து ஒரு சொல் சொல்லிவிடுங்கள். அச்சொல்லால் ஒரு வீட்டின் பல ஆண்டுக் கடன் நீங்கும். அதன்பின் உங்கள் உழைப்பின் ஊதியத்தில் நீங்களே ஒரு கடிகாரம் வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். மூவாயிரம் ரூபாய்க் கடிகாரமும் முப்பதாயிரம் ரூபாய்க் கடிகாரமும் காட்டுவது ஒரே மணியைத்தான்.