ஏன் இந்தக் கம்பஸ்?

எங்கட நாட்டில கம்பஸ் போக ஆர்வம் தேவையில்லை, இசட் புள்ளி போதும். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் எண்டு இடங்களைப் பிரிச்சிருக்கினம். கட்டடக்கலை மாதிரி ஒரு சிலதுக்கு மட்டும் உளச்சார்புப் பரீட்சை இருக்கு. மற்றபடி, 'ஏன் இதைப் படிக்கப் போறீர்?' எண்டு ஒருத்தரும் கேட்க மாட்டினம்.

அதனாலதான் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிற எங்கட பிள்ளைகள் ஒரு சின்னக் கேள்வியில தடுமாறி நிக்கினம்: 'ஏன் எங்கட கல்லூரி?'

இந்தக் கேள்விக்குப் பின்னால ஒரு கணக்கும் இருக்கு. கொமன் அப் மூலம் ஒரு மாணவர் 20 கல்லூரிகள் வரை விண்ணப்பிக்கலாம். இடம் கிடைச்ச எல்லா இடத்துக்கும் அவர் போகப் போறதில்லை. ஆகவே, உண்மையில ஆர் வருவினம் எண்டு கல்லூரிகள் ஊகிக்கப் பார்க்கின்றன. விண்ணப்பதாரியின் ஆர்வத்தைக் கணக்கில எடுக்கிறமா, இல்லையா எண்டதைப் பல கல்லூரிகள் வருசா வருசம் வெளியிடுகிற 'கொமன் டேட்டா செட்' ஆவணத்தில பார்க்கலாம். ஹாவர்ட், ஸ்டான்போர்ட் போன்றவை அதை எடுக்கிறதில்லை. முதல்ல அதைப் பாருங்கோ. தேவையில்லாத இடத்துக்குக் கிழமைக்கு மூண்டு மின்னஞ்சல் போட்டு என்ன பிரயோசனம்?

எடுக்கிற இடத்திலயும் புகழ்ச்சி வேலை செய்யாது. 'உலகத்தரம்', 'அழகான வளாகம்', 'சிறுவயதுக் கனவு' எல்லாம் எந்தக் கல்லூரிக்கும் பொருந்தும். நீங்கள் எழுதினதில கல்லூரியின்ட பேரை மாத்திப் பாருங்கோ. அப்பவும் பொருந்தினால் திரும்ப எழுத வேணும். வலிகாமத்துக் கிணத்துத் தண்ணியில ஏன் நைட்ரேட் கூடுது எண்டு யோசிச்ச ஒரு பிள்ளை, சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரைப் படிப்பிக்கிற துறையைத் தேடிப் பிடிச்சு, அங்க தான் என்ன படிக்க விரும்புறன் எண்டு நாலு வரி எழுதட்டும். அதுதான் ஆர்வம். காசு வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதிக் குடுக்கிற முகவருக்கு உங்கட கிணறு தெரியாது.

இந்த முறை நியாயமானது எண்டு நான் சொல்ல வரேல்ல. வளாகத்தை நேரில போய்ப் பார்க்கிறதும் ஆர்வம் எண்டால், விசாவும் விமான ரிக்கெற்றும் இல்லாதவை என்ன செய்யிறது? அமெரிக்காவின்ட கிழக்குக் கரையில பின்னேரம் 7 மணிக்கு நடக்கிற ஒன்லைன் கூட்டத்துக்கு, இங்க விடியக் காலமை எழும்பி, டேட்டா போட்டு இருக்க வேணும். ஆர்வத்தின்ட உச்ச அடையாளமான 'ஏர்லி டிசிஷன்' இன்னும் மோசம். இடம் கிடைச்சால் மற்ற விண்ணப்பங்களை மீளப்பெற்று அங்கதான் போக வேணும். நிதியுதவி காணாமல் போனால் விலகலாம், ஆனால் வேற கல்லூரிகளின்ட உதவியோட ஒப்பிட்டுப் பார்க்கிற வாய்ப்பு இல்லை. காசுள்ள வீட்டுப் பிள்ளைக்குத்தான் அது லேசு.

ஆனாலும் கேள்வி பிழையில்லை. சொந்தமாத் தேடி, சொந்தமா எழுதின பதிலுக்கு விமான ரிக்கெற் தேவையில்லை. அமெரிக்கா போகாதவைக்கும் இது பொருந்தும். ஓ.எல் முடிச்ச கையோட, சித்தப்பாவும் பக்கத்து வீட்டு அன்ரியும் சொல்லி உயிரியலோ கணிதமோ எடுக்கிற பிள்ளையளிட்ட ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ: ஏன் இதை எடுக்கிறீர்? பதில் உடன வராட்டியும் பரவாயில்லை. யோசிக்க நேரம் குடுங்கோ.