‘நீங்க உட்காருங்கப்பா!’



மூச்சிரைப்பு உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால் நாம் எல்லோரும் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. ‘நீங்க உட்காருங்கப்பா, நான் பார்த்துக்கறேன்.’ தண்ணீர்க் குடத்தை நாம் வாங்கிக்கொள்வோம். ரேஷன் கடைக்கு நாம் போவோம். மாடி ஏற வேண்டாமே என்று கட்டிலைக் கீழே இறக்கிப் போடுவோம். அத்தனையும் பாசம்தான். ஆனால் அந்தப் பாசமே அவருடைய மூச்சிரைப்பைக் கூட்டிவிடுகிறது என்றால் நம்புவீர்களா?

நவம்பர் மாதத்தின் மூன்றாவது புதன்கிழமை உலக சிஓபிடி தினம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைத்தான் டாக்டர்கள் சுருக்கமாக அப்படிச் சொல்கிறார்கள். 2016 கணக்குப்படி இந்தியாவில் சுமார் 5.5 கோடிப் பேருக்கு இது இருந்தது. பீடி, சிகரெட் என்றுதான் உடனே நினைப்போம். ஒரு பீடியைக்கூடத் தொடாமல், ஊதாங்குழலும் ஈர விறகுமாக வாழ்ந்த அம்மாக்கள், பாட்டிகள் எத்தனை பேர்! மில் தூசியில் வேலை பார்த்தவர்களும், எப்போதோ டிபி வந்து குணமானவர்களும் உண்டு. ‘வயசாச்சு, இரைக்குது’ என்று விட்டுவிடுகிறோம்.

இந்த நோயில் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரிய பாடு. முழுக்க வெளியேறாத காற்று தேங்கித் தேங்கி நுரையீரல் உப்பிப்போகிறது. அதன் அடியில் இருக்கிறது உதரவிதானம். மூச்சு இழுக்கும் வேலையில் பெரும்பங்கு இந்தத் தசையுடையது. விரித்த குடைபோல மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டியது, உப்பிய நுரையீரல் அழுத்துவதால் தட்டையாகிவிடுகிறது. தட்டையான பிறகு அதற்கு இழுக்க வலு ஏது? கழுத்துத் தசையும் தோள் தசையும் துணைக்கு வருகின்றன. நாலடி நடந்துவிட்டு முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து நிற்கிறார்களே, அப்படி நின்றால் அந்தத் தசைகளுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது.

இரைக்கிறதே என்று உட்கார்ந்தால் கால் தசையும் மெலிகிறது. மெலிந்த கால் சீக்கிரம் களைத்துப்போய் இன்னும் அதிக மூச்சைக் கேட்கிறது. போன வருஷம் தெருமுனை வரை போனவருக்கு இந்த வருஷம் வாசல் வரை போகவே இரைக்கிறது. எல்லாம் நோய் முற்றியதால்தானா? ஓரளவுக்கு நாம் உட்கார வைத்ததாலும்தான்.

சரி, மூச்சுத் தசைக்கே பயிற்சி கொடுக்க முடியாதா? முடியும். 1976-லேயே லீத், பிராட்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆரோக்கியமானவர்களிடம் செய்து காட்டினார்கள். இன்று அதற்குக் கைக்கடக்கமான ஒரு கருவி இருக்கிறது. வாயில் வைத்து இழுக்க வேண்டும். உள்ளே ஸ்பிரிங் வால்வு ஒன்று இருக்கும். போதுமான விசையோடு இழுத்தால்தான் திறக்கும். ஒருவரால் இழுக்க முடிகிற உச்ச விசையை முதலில் அளந்து, பெரும்பாலும் அதில் 30 சதவீதத்தில் ஆரம்பித்து, வாரம் செல்லச் செல்ல ஸ்பிரிங்கை இறுக்குவார்கள்.

கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் போட்ட மூன்று பந்துக் கருவி ஞாபகம் வருகிறதா? அது வேறு. ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரல் நன்றாக விரிவதற்கானது அது. மூச்சுத் தசைக்குப் பளு ஏற்றுகிற வேலை அதனுடையதல்ல.

விளம்பரங்கள் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2018-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மூச்சுத் தசை பலவீனமான 219 நோயாளிகள் நடை முதலான உடற்பயிற்சிகள் செய்தார்கள். அதில் ஒரு பிரிவினருக்கு இந்தக் கருவிப் பயிற்சியும் சேர்ந்தது. அவர்களுடைய மூச்சுத் தசை கூடுதலாக வலுவானது உண்மை. ஆனால் ஆறு நிமிடத்தில் நடக்க முடிந்த தூரத்தில் மற்றவர்களைவிடப் பெரிய லாபம் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழு 2023-ல் வெளியிட்ட தொகுப்பும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: கருவியை மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு இரைப்பு கொஞ்சம் குறையலாம், ஏற்கெனவே உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு அதனால் கூடுதல் பலன் பெரிதாக இல்லை.

அப்படியென்றால் காசு போட்டு வாங்கலாமா? என்னைக் கேட்டால் முதல் இடம் நடைக்குத்தான். மூட்டு வலியாலோ மிகுந்த தளர்ச்சியாலோ நடக்கவே முடியாதவருக்கு, டாக்டர் சொன்னால், கருவி. நடை, கை கால் பயிற்சி எல்லாம் சேர்ந்த நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி பலன் தருகிறதா என்று பார்க்க இனிப் புதிய ஆய்வே வேண்டாம் என்று 2015-ல் காக்ரேன் குழு அந்தக் கணக்கையே மூடிவிட்டது. 65 ஆய்வுகளைப் பார்த்த பிறகு சொன்னது அது.

நடக்கும்போது கொஞ்சம் இரைக்கத்தான் செய்யும். பயப்பட வேண்டாம். வாக்கியம் பேச முடியாத அளவுக்கு இரைத்தால் நிற்க வேண்டும். மூக்கால் இழுத்து, விசிலடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல் இரண்டு மடங்கு நேரம் மெல்ல விட வேண்டும். இரைப்பு அடங்கியதும் மறுபடி நடை. கூடவே நாமும் நடந்தால் என்ன குறைந்துவிடும்? இன்ஹேலரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் அன்றைக்கு நடை போதும், டாக்டரைப் பாருங்கள். சமீபத்தில் நுரையீரலிலிருந்து நெஞ்சுக்குள் காற்றுக் கசிந்தவர்களும், செவிப்பறை கிழிந்தவர்களும் கருவியைத் தாங்களாகத் தொடவே கூடாது.

பெரிய மருத்துவமனைகளைத் தாண்டினால் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி கிடைக்கும் இடங்கள் குறைவு. ஆனால் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். பக்கத்து வீட்டுப் பக்கவாத நோயாளிக்காக வந்தால், ‘எங்க அப்பாவுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவீங்களா?’ என்று கேட்டுப் பாருங்களேன்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஆறு நிமிட நடைச் சோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். ஒரு நீளமான வராந்தாவும் கடிகாரமும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரும் இருந்தால் ஆயிற்று. எத்தனை மீட்டர் நடந்தார் என்பதை மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் நடந்த பிறகு மறுபடியும் அளந்து பார்க்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்