இரண்டு நிமிஷமும் தோட்டத்துத் தாயும்

நீலகிரிக் கூடலூர் பஜாரில் மளிகைக் கடை வாசல்தோறும் சரமாகத் தொங்கும் நூடுல்ஸ் பொட்டலங்களைக் கண்டு, அந்நிய உணவு வந்து நம் பிள்ளைகளின் நாவைக் கெடுத்துவிட்டதே என்று அங்கலாய்ப்பது பெரியோர் பலருக்கு வழக்கமாகிவிட்டது. ஆனால் மாவை இழையாக்கி உண்பது நமக்குப் புதிதா? 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து இவ்வட்டாரத்து டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்களுக்கு இடியாப்பம் பரம்பரைப் பலகாரம். விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்க ஓடவேண்டிய கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு, அதைப் பிழிந்து அவிக்கும் அவகாசந்தான் இல்லை. அந்த அவகாசக் குறைக்கு விடையாக வந்ததே நூடுல்ஸ்.

இரண்டாம் உலக யுத்தத்தில் நொடித்து, அமெரிக்கக் கோதுமையை நம்பி ஜீவித்த ஜப்பானில், மோமோஃபுகு ஆண்டோ என்பவர், அவித்துச் சுவையூட்டிய இழைகளை எண்ணெயில் பொரித்தால் ஈரம் வெளியேறி நுண்ணிய துவாரங்கள் உண்டாகும் என்பதையும், பின்னர் அத்துவாரங்களின் வழியே வெந்நீர் புகுந்து இழைகளைச் சில நிமிஷங்களில் மெத்தென்று ஆக்கிவிடும் என்பதையும் கண்டறிந்து, 1958 ஆகஸ்ட் 25-ஆம் தேதி அந்த உடனடி நூடுல்ஸை விற்பனைக்கு விட்டார். 1980-களின் முற்பகுதியில் அது இந்தியாவுக்கு வந்தபோது தாங்கிவந்த மேகி என்னும் பெயரோ அதனினும் பழையது. ஆலைகளில் நாளெல்லாம் உழைத்துச் சமைக்க நேரமற்றிருந்த சுவிஸ் ஸ்திரீகளுக்குச் சத்துள்ள மலிவான ஆகாரம் வேண்டுமென்று அந்நாட்டுப் பொதுநலச் சங்கம் கேட்டுக்கொண்டதன்பேரில், ஜூலியஸ் மேகி 1880-களில் ஆக்கித் தந்தது பயறு மாவு! அப்பெயரில் நமக்கு வாய்த்ததோ மைதாவும் பனை எண்ணெயும் உப்பும்.

தூரதேசத்துச் சங்கதி என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. அப்பெயருக்குரிய நெஸ்லே நிறுவனம் 1967-லேயே சேரம்பாடியை அடுத்த சோலாடியில், வெந்நீரில் கரையும் தேயிலைப் பொடிக்காக ஓர் ஆலை நிறுவியது; அதன் நூடுல்ஸ் ஆலைகளுள் ஒன்று, இங்கிருந்து மைசூர் போகும் சாலையில் நஞ்சன்கூட்டில் இருக்கிறது. 2015-இல் அந்த நூடுல்ஸில் ஈயம் மிகுந்திருப்பதாக எழுந்த அமளியில் வந்த தடையைப் பம்பாய் உயர் நீதிமன்றம் நீக்கிவிட்டது. நான் அதைக் கிளறவில்லை. பசித்த குழந்தைக்குக் காலையில் பருப்பு கிட்டவில்லை என்பதே என் குறை.

தமிழக அரசின் காலை உணவுத் திட்டம் 2023-இல், தற்செயலாக அதே ஆகஸ்ட் 25 அன்று, அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தபோது, பொங்கலும் சாம்பாரும் மாணவருக்குக் கிடைத்தன. பள்ளி வயதை எட்டாத குழந்தைக்கும் அதன் தாய்க்கும் என்ன கிடைத்தது? பெரிய தோட்டங்களில் உணவகமும் பிள்ளைக் காப்பகமும் வேண்டுமென்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே விதித்தது. அவ்விடங்களில் வேலை தொடங்குமுன் பருப்புச் சேர்ந்த சூடான ஆகாரம் வழங்கத் தோட்ட நிர்வாகங்கள் முன்வரவேண்டும். அரசு நிறுவனமாகிய டான்டீயே அதை முதலில் தொடங்கட்டும்.